வெற்றுப் போத்தல்

பலேர்மோவின் வுச்சீரியாச் சந்தைக்கு மீன் வாங்கப் போனால் என் கணவர் சும்மா வாங்கிக்கொண்டு வரமாட்டார். மீன்காரன் தட்டில் குவித்திருக்கும் ஐஸ் துண்டுகளைக் காட்டி, தனக்குத் தெரிந்த இத்தாலிய மொழியில் ஆரம்பித்துவிடுவார். தென்துருவத்து ஐஸ் என் மனைவியின் கையில்தான் இருக்கிறது, அது கடலில் பிறந்ததா வானத்தில் பிறந்ததா என்று அவள்தான் சொல்லவேண்டும் என்பார். மீன்காரன் கத்தியை வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்ப்பான். நான் வாயே திறக்காமல் சாளை மீனை நிறுக்கச் சொல்லிக் கையைக் காட்டுவேன். அந்தச் சந்தையில் பாதிப்பேர் நான் ஐஸ்கிறீம் கடையில் வேலை செய்கிறேன் என்றே நம்பியிருந்தார்கள்.

வெட்கப்பட்டேன் என்று எழுதினால் அது பொய். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. தொண்ணூறுகளின் பலேர்மோவில் இரண்டு தமிழ்ப் பெண்கள் சந்தித்தால் முதலில் கேட்பது, "எத்தினை வீடு செய்யிறீர்?" என்பதுதான். வீடு என்றால் கூட்டித் துடைத்துச் சமைத்துக் கொடுக்கும் வீடு. வந்த புதிதில் நானும் வீடு செய்தவள்தான், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அதே கேள்விக்கு, "வீடு இல்லை, ஐஸ் செய்யிறன்" என்று பதில் சொல்லும் காலமும் வந்தது. சொல்லிவிட்டு எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். மன்னாரிலிருந்து வந்த பக்கத்து வீட்டு அக்கா, "இவ நடக்கேக்கை நிலமெல்லாம் குளிருது" என்று பகிடி பண்ணுவார். பண்ணட்டும் என்று விட்டுவிட்டேன்.

யாழ்ப்பாணத்தில் நான் இரசாயனவியல் படித்துப் பட்டம் பெற்றவள். பலேர்மோவில் அந்தப் பட்டத்தை யாரும் கேட்கவில்லை. நான் வேலை செய்த வீட்டு எசமானியைச் சிஞ்ஞோரா என்போம். அவருடைய மகள் நகரத்தில் ஓர் ஆய்வுகூடத்தை நடத்திக்கொண்டிருந்தார். எல்லோரும் அவரைப் புரொபசொரெஸ்ஸா என்று கூப்பிட்டார்கள், அதாவது பேராசிரியை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தாயோடு சாப்பிட வந்தவரின் முன்னால் பாஸ்தாத் தட்டை வைத்துவிட்டு, நான் போகாமல் நின்றேன். இரசாயனம் படித்தவள், உங்கள் இடத்தில் எனக்கு வேலை இருக்கிறதா என்று கேட்டேன். சிஞ்ஞோரா முள்ளுக்கரண்டியைப் பிடித்தபடியே இருந்தார். மகள் என்னை நன்றாகப் பார்த்தார். அவர் பேசியது இத்தாலிய மொழி, என் நினைவில் அது எங்கள் பேச்சாகவே வருகிறது.

"இப்ப இருக்கிறது போத்தல் கழுவுற வேலைதான். கழுவுவீங்களோ?"

"கழுவுவன். எந்த அமிலத்திலை?"

அடுத்த மாதமே வெள்ளை மேலங்கி போட்டுவிட்டேன்.

போத்தல் கழுவுவதை லேசாக நினைக்கக்கூடாது. நைத்திரிக் அமிலத்தில் ஊறவைத்து, மிகத் தூய்மையாக்கிய தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசி, தூசு வடித்த காற்றுக்குக் கீழே காயவைத்து, ஒரு பைக்குள் இன்னொரு பை போட்டுக் கட்டிவைக்கவேண்டும். நான் சுத்தம் பார்க்கும் வீட்டில் வளர்ந்தவள், சமையலறைக்குள் செருப்போடு வந்தவர்களைத் திருப்பி அனுப்பிய வீடு அது. அந்தக் குணத்தை வைத்துக்கொண்டு வேறு எந்த வேலையிலும் நான் இவ்வளவு நல்ல பெயர் எடுத்திருக்கமாட்டேன். ஒரு வருடத்துக்குள் போத்தலிலிருந்து இயந்திரத்துக்கு வந்துவிட்டேன். உருகிய ஐஸ் தண்ணீரை அதற்குள் செலுத்தினால் சோடியம், பொற்றாசியம், கல்சியம் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே பிரித்து, கடதாசியில் மேடு மேடாகக் கோடு கீறிக் காட்டும். மேட்டின் உயரம்தான் அளவு.

எங்கள் ஆய்வுகூடத்தின் கேள்வி எளிமையானது. தென்துருவக் கண்டத்தின் கரையில் கிடக்கும் பனிக்கட்டி எங்கே பிறந்தது? உள்நாட்டில் காலங்காலமாக விழுந்த பனி இறுகி, மெல்ல மெல்ல நகர்ந்து கரைக்கு வந்ததாக இருக்கலாம். அல்லது, கடலின்மேல் நீட்டிக்கொண்டு நிற்கும் பனிப்பாளத்தின் அடியில் கடல்நீரே உறைந்து ஒட்டிக்கொண்டதாக இருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஐஸ்தான். என் கணவர் கேட்ட உடனேயே வழி சொல்லிவிட்டார்.

"நக்கிப் பாத்தால் தெரியாதோ? கடலெண்டால் உவர்க்கும்தானே."

வெட்டி எறிகிற ஓரத்துண்டு ஒன்றை நக்கியும் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. கடல்நீர் ஆறுதலாக உறையும்போது உப்பை வெளியே தள்ளிவிடும், நாக்குக்கு எட்டாத அளவுதான் உள்ளே மிஞ்சும். கரையோரம் விழும் பனியிலோ அலை தெறித்த உப்பு காற்றோடு வந்து சேர்ந்திருக்கும். ஆகவே இருக்கிற துளி உப்பைப் பிரித்து, அது என்ன விகிதத்தில் கலந்திருக்கிறது என்று பார்க்கவேண்டும். கடலில் இவ்வளவு சோடியத்துக்கு இவ்வளவு பொற்றாசியம், இவ்வளவு கல்சியம் என்ற கணக்கு மாறாது, பனியிலோ காற்றுத் தூசும் கலந்து அந்தக் கணக்குக் குலையும். அதோடு தண்ணீரில் உள்ள ஒட்சிசனையும் பார்க்கவேண்டும். ஒட்சிசனில் பாரமானதும் உண்டு, பாரம் குறைந்ததும் உண்டு. மேகம் துருவத்தை நோக்கிப் போகும்போது பாரமானதை வழியிலேயே கொட்டிவிடும், அதனால் அங்கே விழும் பனி பாரம் குறைந்தது. கடலே நேராக உறைந்தால் அதில் பாரமானது கூட இருக்கும். இரண்டு சாட்சிகளும் ஒன்றையே சொன்னால்தான் நாங்கள் தீர்ப்புச் சொல்லுவோம்.

ஆனால் அந்த வேலையின் உயிர் ஐஸில் இல்லை, வெற்றுப் போத்தலில் இருக்கிறது. ஐஸ் போடும் போத்தல்களோடு ஒரு போத்தலில் தூய தண்ணீரை மட்டும் நிரப்பி, அதையும் கூடவே கொண்டுபோய், திறந்து, மூடி, திரும்பக் கொண்டுவந்து அளக்கவேண்டும். அதில் ஒன்றுமே இருக்கக்கூடாது. இயந்திரம் மேடே இல்லாமல் கோட்டை நேராகக் கீறவேண்டும். வெற்றுப் போத்தலில் எதையாவது கண்டால், அது ஐஸில் இருந்தது அல்ல, எங்கள் அழுக்கு. அதற்குப் பிறகு எங்கள் எந்தக் கணக்கையும் யாரும் நம்பமாட்டார்கள்.

அந்த வருடம் இத்தாலியின் வடக்கிலிருந்து ஓர் ஆய்வுக் குழு சில துண்டுகளை எங்களுக்குப் பரீட்சார்த்தமாக அனுப்பியிருந்தது. கரையோரப் பனியைத் துளைத்து எடுத்த நீண்ட உருளை அவர்களிடம் இருந்தது. அதன் நடுவில் காற்றுக்குமிழியே இல்லாமல், கண்ணாடிபோலத் தெளிந்த ஒரு பகுதி. அது எங்கே பிறந்தது என்பதில்தான் அவர்களுக்குக் குழப்பம். புரொபசொரெஸ்ஸா என்னைக் கூப்பிட்டு ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்.

"எங்கட வெற்றுப் போத்தல் சுத்தமா இருந்தால் முழு உருளையும் இஞ்சை வரும். வந்தால் உங்களுக்கு நிரந்தர வேலை. இல்லையெண்டால் பெட்டியள் வேறை ஊருக்குப் போகும், உங்கட ஒப்பந்தத்தை நீட்ட என்னட்டை வழியில்லை."

நீட்டாவிட்டால் என்ன நடக்கும் என்று அவர் சொல்லவில்லை. அவருடைய தாயார் வீட்டுச் சமையலறை எனக்குத் தெரியாததா?

எங்கள் குளிரறை சின்னது, அடிக்கடி பழுதாகும். அதனால் ஐஸ் பெட்டிகளை ஸ்ஃபெர்ராகவால்லோவில் மீன் பாதுகாக்கும் ஒரு குளிரறையில் வாடகைக்கு வைத்திருந்தோம். நகரத்துக்கு வெளியே, கடற்கரை ஓரம். ஒரு பக்கம் வாள்மீன் முண்டங்கள் விறைத்துப்போய் அடுக்கியிருக்கும், மறுபக்கம் தென்துருவம். மீன் லொறிகள் வந்துவிட்டால் கதவு திறந்து திறந்து மூடும் என்பதால், அதற்கு முன்னரே விடியற்காலையில் போய் வெட்டவேண்டும். முதல்நாள் மாலை போத்தல் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து, காலையில் பஸ்ஸில் நேராக அங்கே போவது என் வழக்கம். குளிரறையைப் பார்த்துக்கொண்டவன் பெரிய மீசைக்காரன். வாயில் சிகரெட் இல்லாமல் நான் அவனைக் கண்டதில்லை.

அந்தப் பரீட்சார்த்தத் துண்டுகளை வெட்டவிருந்த நாளுக்கு முதல்நாள் மாலை வாணி விழாவாக அமைந்தது. நவராத்திரியின் கடைசி நாளை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்லுவோம். அன்று பிள்ளைகள் கொப்பி புத்தகத்தையும், தொழில் செய்பவர்கள் தங்கள் ஆயுதங்களையும் சரஸ்வதிக்கு முன்னால் வைப்பார்கள். அவற்றுக்குத் திருநீறும் சந்தனமும் வைத்துக் கும்பிட்டுவிட்டு அடுத்த நாள்தான் எடுப்பார்கள். பலேர்மோவில் ஆயுதமென்று வைக்க எங்களிடம் என்ன இருந்தது? என் கணவர் பகேரியாவில் ஒரு வயோதிபரைப் பராமரிக்கும் வேலைக்கு ரயிலில் போய்வந்தார். அந்த வீட்டுச் சாவியை ஒரு தட்டில் வைத்தார். பிறகு என் போத்தல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நடுவில் வைத்தார்.

நான் அடுப்படியில் கடலை தாளித்துக்கொண்டிருந்தேன். வந்து பார்த்தபோது பெட்டிக்குமேல் ஒரு செவ்வந்திப் பூ இருந்தது. அவர் நெற்றி நிறையத் திருநீறோடு கண்ணை மூடிக்கொண்டு நின்றார். திருநீறு பூசாமல் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காத மனிதர். ஊரிலிருந்து யாராவது வந்தால் வேறு ஒன்றும் கேட்கமாட்டார், கோயில் திருநீறு ஒரு பொதி கொண்டுவரச் சொல்லுவார். என்னைவிட என் வேலைக்காக அவர்தான் கூடக் கும்பிடுகிறார் என்று நினைத்தேன். கண் கலங்கியது. பூவை மட்டும் எடுத்துவிட்டு, காலையில் பெட்டியோடு புறப்பட்டேன்.

குளிரறைக்குள் தொப்பி, கம்பளி, அதற்குமேல் மேலங்கி, அதற்குமேல் கையுறை. ஒவ்வொரு துண்டையும் நீளவாக்கில் பிளந்து, ஒரு பாதியைத் திரும்ப ஐஸ் பெட்டிக்குள் வைத்தேன், அது பிறகு தேவைப்பட்டால் எடுக்க. மறுபாதியின் வெளிப்புறத்தைச் சீவித் தள்ளிவிட்டு, உள்நெஞ்சை மட்டும் போத்தலில் போட்டேன். பையிலிருந்து எடுத்து வைத்த கொஞ்ச நேரத்திலேயே போத்தல்கள் உறைபனி படிந்து வெள்ளையாகிவிட்டன. விரல் விறைத்தாலும் மனம் சந்தோஷமாக இருந்தது. வாணியின் கையால் எடுத்துவந்த போத்தல்கள் என்ற நினைப்பு வேறு.

மதியம் இயந்திரம் முதலில் வெற்றுப் போத்தலைக் கீறியது. சோடியம் பரவாயில்லை. பிறகு கோடு எழும்பியது. பொற்றாசியம் ஒரு மேடு, கல்சியம் அதைவிடப் பெரிய மேடு. திரும்பச் செலுத்தினேன், திரும்பவும் அதே மேடுகள். ஐஸ் போத்தல்களிலும் அதே கதை. புரொபசொரெஸ்ஸா கடதாசியைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முடிவைப் பார்க்க வடக்குக் குழுவின் ஆய்வாளர் வர ஒரு கிழமைதான் இருந்தது.

"பாதி ஐஸ் மிச்சம் இருக்கு, திரும்ப வெட்டலாம்" என்றார். "ஆனா இந்த அழுக்கு எங்கையிருந்து வந்ததெண்டு தெரியாமல் வெட்டினால், அடுத்ததும் இப்பிடித்தான் வரும்."

அந்தச் சொல் எனக்குச் சுருக்கென்று பட்டது. என் போத்தலில் அழுக்கு என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. சரி, ஐஸ் எங்கே பிறந்தது என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவளுக்கு அழுக்கு எங்கே பிறந்தது என்று கண்டுபிடிக்க முடியாதா என்று மேலங்கியின் கையை மடித்துவிட்டேன்.

முதல் சந்தேகம் ஷிரொக்கோ. ஆபிரிக்காப் பக்கமிருந்து வீசும் அந்தச் சூடான காற்று, பலேர்மோவின் யன்னல்களிலெல்லாம் சிவந்த தூசைப் படியவைத்துவிட்டுப் போகும். யன்னல் விளிம்பில் அதைச் சுரண்டி, தண்ணீரில் கலந்து, வடித்துச் செலுத்தினேன். கல்சியம் இருந்தது, ஆனால் பொற்றாசியம் காணாது. ஷிரொக்கோ தப்பிவிட்டது.

பொற்றாசியம் என்றால் சாம்பல். சாம்பல் என்றால் மீசைக்காரன். பஸ் ஏறிப் போய் அவனிடம் ஒரு சிகரெட் சாம்பல் கேட்டேன். எதற்கு என்று விளங்கியதும் அவன் முகம் சிவந்துவிட்டது. குளிரறைக்குள் தான் ஒருநாளும் புகைத்ததில்லை, தன் மீன்கள்மேல் ஆணை என்றான். ஆனாலும் சாம்பலைத் தட்டித் தந்தான். அதிலும் பொற்றாசியம், கல்சியம் இரண்டும் இருந்தன, ஆனால் விகிதம் வேறு. எங்கள் அழுக்குக்குக் கிட்டவந்தும் அதுவாக இல்லை. ஏதோ ஒரு சாம்பல், ஆனால் புகையிலைச் சாம்பல் இல்லை. வேறு என்ன சாம்பல்?

அன்று மாலை புட்டும் மீன்குழம்பும் சமைத்துவைத்துவிட்டு, சாப்பிட மனமில்லாமல் மேசையில் இருந்தேன். வேறு என்ன சாம்பல், வேறு என்ன சாம்பல் என்று மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். சாம்பல் என் எதிரே இருந்து புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

"என்ன, என்ரை நெத்தியையே பாக்கிறீர்?" என்றார்.

"ஒண்டுமில்லை, சாப்பிடுங்கோ."

கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், அவருக்குப் பொய் வராது. ஆனால் எனக்குள்ளே இருந்த பிடிவாதக்காரி விடவில்லை. ஒருவர் சொல்லி அறிவது வேறு, அளந்து அறிவது வேறு. அவர் கை கழுவப் போனதும், சாமிப் படங்கள் வைத்த தட்டிலிருந்த திருநீற்றுச் சிமிழைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்துக் கடதாசியில் மடித்துக்கொண்டேன். அந்தத் தட்டில் நான் களவெடுத்தது அந்த ஒரு முறைதான்.

காலையில் அதைக் கரைத்து வடித்தேன். கோயில் திருநீற்றை ஊசியில் ஏற்றி இயந்திரத்துக்குள் செலுத்தியவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பொற்றாசியம் மேடு, கல்சியம் மேடு, பக்கத்தில் சின்ன மக்னீசியம். இரண்டு கடதாசிகளையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். மேடு மேட்டோடு பொருந்தியது. எனக்குக் கோபம் வரவேண்டும். வந்தது சந்தோஷம். கண்டுபிடித்துவிட்டேன்.

புரொபசொரெஸ்ஸாவிடம் இரண்டையும் நீட்டினேன்.

"இது என்ன சாம்பல்?"

"மாட்டுச் சாணத்தை எரிச்சு எடுக்கிறது. நாங்கள் நெத்தியிலை பூசுவம். எங்களுக்கு இதைவிடச் சுத்தமான பொருள் இல்லை."

"போத்தலுக்கு ஆர் பூசினது?"

"என்ரை மனிசன். வேலை நல்லா வரவேணுமெண்டு."

அவர் எழுந்துபோய் இயந்திரத்தின் பின்பக்கத்தைச் சுட்டிக்காட்டினார். அங்கே, மின்கம்பிகளுக்கு நடுவில், பலேர்மோவைக் கொள்ளைநோயிலிருந்து காப்பாற்றிய புனிதையின் சின்னப் படம் ஒன்று ஒட்டியிருந்தது. இவ்வளவு காலம் நான் அதைக் கவனித்ததே இல்லை.

"என்ரை அம்மா தந்தவ. நான் வெளியிலை ஒட்டினனான், உள்ளுக்கை வைக்கேல்லை" என்றார். அதற்குப் பிறகுதான் இருவரும் சிரித்தோம்.

வீட்டில் அவ்வளவு சிரிப்பு இருக்கவில்லை. அவர் பகேரியாவிலிருந்து வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்னரே கேட்டேன்.

"இஞ்சருங்கோ, வாணி விழா அண்டைக்கு என்ரை போத்தல் பையைத் திறந்தனீங்களோ?"

"ஓம். திறந்து ஒவ்வொரு மூடியிலையும் துளித்துளியா வைச்சனான். பிறகு நீர் கட்டினமாதிரியே கட்டிவிட்டனான். ஏன்?"

குளிரறையில் மூடிகள் உறைபனியால் வெளுத்திருந்ததால் நான் அதைக் கண்டிருக்கவில்லை. அந்த 'ஏன்' என்று கேட்ட முகத்தில் பெருமைதான் இருந்தது. நான் சொன்னேன். கொஞ்சம் காரமாகவே சொன்னேன். என் வேலை போகும் நிலையில் நிற்கிறது என்றும் சொன்னேன். அவர் சப்பாத்தோடு கதிரையில் இருந்துவிட்டார்.

"நான் நல்லதுக்குத்தானே வைச்சனான்."

"தெரியும்."

"சாமிக்கு முன்னாலை வைக்கிற சாமானை வெறுமையா வைக்கலாமோ?"

"என்ரை வேலையே வெறுமைதான். அந்தப் போத்தலுக்கை ஒண்டும் இருக்கக்கூடாது."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"கடவுளும் இருக்கக்கூடாதோ?"

"ஓம். கடவுளும் இருக்கக்கூடாது."

சொல்லிவிட்டேன், வாய்க்குள் திருப்பி எடுக்க முடியாது. அவர் எழுந்து முகம் கழுவப் போனார்.

புதிய போத்தல்களைக் கழுவி, ஊறவைத்து, காயவைத்தேன். இந்தத் தடவை பெட்டி வீட்டுக்கு வரவில்லை. விடிய முன்னரே ஆய்வுகூடத்துக்கு நடந்துபோய் எடுத்துக்கொண்டு ஸ்ஃபெர்ராகவால்லோ பஸ்ஸைப் பிடித்தேன். மீசைக்காரன் என்னைக் கண்டும் காணாததுபோல நின்றான். உண்மையைச் சொன்னேன். சிகரெட் அல்ல, என் வீட்டுச் சாமியின் சாம்பல் என்றேன். அவன் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். குளிரறைக் கதவை எனக்காகத் தன் கையாலேயே திறந்துவிட்டு, நான் வெட்டி முடிக்கும்வரை சிகரெட்டைப் பற்றவைக்காமல் காதில் செருகிக்கொண்டு நின்றான்.

இந்த முறை வெற்றுப் போத்தல் கோடு நேராகப் போனது. ஆரம்பத்திலிருந்து முடிவுவரை ஒரு மேடு இல்லை. ஒன்றுமில்லை என்பதைக் கண்டு இப்படி ஆனந்தப்பட முடியும் என்று முன்னர் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

வடக்கிலிருந்து வந்தவர் உயரமான, பேச்சுக் குறைந்த மனிதர். புரொபசொரெஸ்ஸா அவரிடம் நல்ல கடதாசியை மட்டும் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. கெட்டதையும் வைத்து, தூசு, சிகரெட், திருநீறு மூன்றின் கடதாசிகளையும் வரிசையாக வைத்துவிட்டு, நீங்களே சொல்லுங்கள் என்று என்னை முன்னால் விட்டார். என் இத்தாலிய மொழி அன்று தடக்கவே இல்லை. சாணம் என்று சொல்லும்போதுகூட அவர் முகம் மாறவில்லை. திருநீற்றுக் கடதாசியைக் கையில் எடுத்து நெடுநேரம் பார்த்தார்.

"எங்கட ஆய்வுகூடத்திலை ஒருக்கா வெற்றுப் போத்தலுக்கை துத்தநாகம் வந்தது" என்றார். "எங்கையிருந்து வந்ததெண்டு இண்டைக்கும் எங்களுக்குத் தெரியாது. எல்லாத்தையும் எறிஞ்சுபோட்டுப் புதுசா வாங்கினம். முழு உருளையையும் உங்களுக்கு அனுப்புறன்."

நான் கடதாசிகளையெல்லாம் சேர்த்து அடுக்கி எடுத்துக்கொண்டேன்.

பெட்டிகள் குளிர் லொறியில் வந்த அன்று என் கணவர் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு ஸ்ஃபெர்ராகவால்லோவுக்கு வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பெட்டிகளிலிருந்து நாலடி தள்ளியே நின்றார். மீசைக்காரன் கிட்ட வந்து பார்க்கச் சொல்லியும் அசையவில்லை. அந்த மழைக்காலம் முழுவதும் நான் வெட்டினேன், உருக்கினேன், அளந்தேன். கண்ணாடிபோலத் தெளிந்திருந்த நடுப்பகுதியில் சோடியத்துக்கும் பொற்றாசியத்துக்கும் கல்சியத்துக்கும் கடலின் கணக்கு அச்சொட்டாக இருந்தது. பக்கத்து அறையில் பார்த்த ஒட்சிசனும் பாரமாக இருந்தது. மேலே இருந்தது வானத்துப் பனி, நடுவில் இருந்தது கடல். இரண்டு சாட்சியும் ஒன்றாகச் சொல்லிவிட்டன. என் கணவர் அடுத்த சனிக்கிழமையே அதை வுச்சீரியாவில் மீன்காரனிடம் சொல்லிவிட்டார்.

எனக்கு நிரந்தர வேலை கிடைத்தது. போத்தல் பெட்டி திரும்பவும் வீட்டுக்கு வரத் தொடங்கியது. அதை எங்கே வைக்கவேண்டும், எதைத் தொடக்கூடாது என்று நான் மறுமுறை சொல்லவில்லை. அன்று பேசிய பேச்சே கூடிவிட்டது என்று மனதுக்குள் இருந்தது.

குளிரறைக்குப் போகும் காலைகளில் அவர் எனக்கு முன்னர் எழும்பிக் குளித்துவிடுவார். தேத்தண்ணி போட்டு என் கோப்பையை மேசையில் வைப்பார். தன்னுடையதை ஒரு தட்டால் மூடிப் பக்கத்தில் வைப்பார். பெட்டியைத் தூக்கி என் கையில் தருவதும் அவர்தான். நித்திரைக் கலக்கத்தில் நான் பல நாள் எதையும் கவனிக்கவில்லை. ஒருநாள் பெட்டியை வாங்கும்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். நெற்றி வெறுமையாக இருந்தது. கல்யாணம் கட்டியதிலிருந்து குளித்தபின் வெறும் நெற்றியோடு நான் அவரைக் கண்டதில்லை.

"உங்கட தேத்தண்ணி ஆறுதே" என்றேன்.

"நீர் போம். பஸ் போயிடும்."

படியில் இறங்கி, சப்பாத்துக் கயிற்றைக் கட்டக் குனிந்தேன். மேலே அவர் கதவை ஒருக்களித்துச் சாத்தினார். திருநீற்றுச் சிமிழின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது, பிறகு "சிவசிவா" என்ற குரல், அதற்குப் பிறகு கோப்பைக்கு மேலிருந்த தட்டை எடுத்து வைக்கும் சத்தம். என் போத்தல்கள் வாசல் தாண்டும்வரை அந்த மனிதர் கடவுளையும் காக்கவைத்து, தன் தாகத்தையும் காக்கவைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். நான் கேட்டு அல்ல. பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன். பலேர்மோவில் அன்று என்னைவிடப் பெருமைக்காரி ஒருத்தி இருந்திருக்கமாட்டாள்.